'கிரீஃப்': துயரமும் முறைப்பாடும் ஒரே வேரில்

வன்னியைப் பற்றி ஆங்கிலத்தில் வரும் அறிக்கைகளில் அடிக்கடி கண்ணில்படும் சொல் 'கிரீஃப்'. தமிழாக்கும்போது அதைத் 'துயரம்' என்றோ 'துக்கம்' என்றோ எழுதுவேன். இரண்டும் பிழையில்லை. ஆனாலும் அந்தச் சொல்லின் பாதிப் பொருளே அதில் வருகிறது.

'கிரீஃப்' 13ஆம் நூற்றாண்டளவில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் மூலம், 'கனமான' என்று பொருள்படும் 'கிராவிஸ்' என்ற லத்தீன் சொல். புவியீர்ப்பைக் குறிக்கும் 'கிராவிட்டி'யும் அதே வேரில் பிறந்தது. கனமானது என்ற பொருளுடைய 'குரு' என்ற சமஸ்கிருதச் சொல்லையும் மொழியியலாளர் இந்தக் குடும்பத்திலேயே சேர்க்கிறார்கள். 'நெஞ்சு பாரமாக் கிடக்கு' என்று எங்கள் அம்மாமார் சொல்வதும் இந்தக் கனத்தைத்தான். கல்லறையைக் குறிக்கும் 'கிரேவ்' என்ற சொல் மட்டும், ஒலி ஒத்திருந்தாலும், வேறு வேரிலிருந்து வந்தது.

இந்த வேரிலிருந்து பிறந்த இன்னொரு சொல் 'கிரீவன்ஸ்'. அதன் பொருள் மனக்குறை, முறைப்பாடு. இன்றைய பிரெஞ்சில் 'கிரீஃப்' என்று எழுதப்படும் சொல்லுக்கே முறைப்பாடு என்றுதான் பொருள். அதாவது, ஒருவர்மேல் ஏற்றப்பட்ட பாரமும், அதை ஏற்றியவருக்கு எதிராக அவர் சொல்லும் முறைப்பாடும் தொடக்கத்தில் ஒரே சொல்லுக்குள் இருந்தன.

வன்னியில் அவை இன்னும் பிரியவில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் அதே ஆண்டில் போராட்டங்கள் தொடங்கின. அங்கே கையில் படத்துடன் இருக்கும் தாயின் அழுகை எங்கே முடிகிறது, முறைப்பாடு எங்கே தொடங்குகிறது என்று யாராலும் கோடு கிழிக்க முடியாது.

மருத்துவம் கோடு கிழிக்கப் பார்க்கிறது. நீடித்த துயரத்தை ஒரு நோயாக உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய் வகைப்பாடு ஏற்றுக்கொண்டுள்ளது. அது 2022இல் நடைமுறைக்கு வந்தது. நெருங்கியவர் இறந்து குறைந்தது ஆறு மாதமாவது கடந்திருக்க வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஆனால் மரணமே உறுதியாகாத வீட்டில் எந்த நாளிலிருந்து எண்ணுவது? எட்டுச் செலவும் இல்லை, அந்தியேட்டியும் இல்லை, திவசத்துக்குத் திதியும் இல்லை. அமெரிக்க ஆய்வாளர் போலின் பாஸ் இந்த நிலையைத் 'தெளிவற்ற இழப்பு' என்று அழைத்தார். இதில் குழப்பம் இழப்பின் தன்மையில்தான் இருக்கிறது, துயரப்படுபவரின் மனதில் அல்ல என்பது அவருடைய முக்கியமான கருத்து.

சட்டமும் ஒரு முடிவைக் கொடுக்கப் பார்த்தது. காணாமல்போனவர்களுக்கு மரணச் சான்றிதழ் பெற 2010ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. பலர் அதை வாங்க மறுத்தார்கள். ஆளைக் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழ் 2016இல்தான் சட்டத்தில் சேர்ந்தது. காணாமல்போனோர் அலுவலகத்துக்கான சட்டமும் அதே ஆண்டில் நிறைவேறியது. எந்தக் கடதாசியும் 'எங்கே?' என்ற கேள்விக்குப் பதிலாகவில்லை. பதில் கிடைக்காமலே பல பெற்றோர் இறந்துபோனார்கள்.

உளவள ஆலோசனை தேவையில்லை என்று நான் சொல்லவில்லை. நித்திரையில்லாமல் தவிக்கும் தாய்க்கு அது கட்டாயம் வேண்டும். ஆனால் துயரத்துக்கு ஆலோசனையைக் கொடுத்துவிட்டு முறைப்பாட்டைக் கோப்பில் வைத்து மூடினால், பாரத்தில் பாதி இறங்காமலே இருக்கும். அதனால், காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளைப் பற்றிய அறிக்கைகளில் 'கிரீஃப்' வரும் இடத்தில் இப்போது 'துயரமும் முறைப்பாடும்' என்றே எழுதுகிறேன்.