தகர வில்லையோடு கண்டிச் சீமைக்கு

மதுரைக்குத் தெற்கே போகும் ரயில் பாதை 1876இல் தூத்துக்குடியை எட்டியது. தாது வருடப் பஞ்சம் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். கிணறு வற்றி, விதைநெல்லும் தீர்ந்த மானாவாரி ஊர்களிலிருந்து இலங்கைத் தோட்டங்களுக்குக் கிளம்பியவர்களின் எண்ணிக்கை அந்த ஆண்டுகளில் வேகமாக ஏறியது.

அவர்கள் யாரும் பயணத்துக்குத் தாமாக ஆயத்தமானவர்கள் இல்லை. கடன், உணவு, வழிச்செலவு, தடுப்பூசி, கப்பல் எல்லாவற்றையும் வேறு கைகள் பார்த்துக்கொண்டன. ஏற்பாட்டின் முதல் கை, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியுடையது.

கங்காணி வெளியாள் அல்ல. பெரும்பாலும் அதே ஊர்க்காரர் அல்லது பக்கத்து ஊர் உறவுக்காரர். தோட்டத்துரை கொடுத்த முன்பணத்தோடு ஊருக்கு வருவார். உள்ளூர்க் கடனை அடைக்கவும் வழிச்சாப்பாட்டுக்கும் கையில் காசு கொடுப்பார். அந்தக் காசெல்லாம் தோட்டத்துக் கணக்கில் ஆளின் பேரில் பற்றாக ஏறும். ஊர்க் கடனிலிருந்து விடுபட்டவர், கண்டிச் சீமை எனப்பட்ட இலங்கை மலையகத்தில் கால் வைப்பதற்குள்ளேயே தோட்டத்துக் கடனாளி ஆகிவிடுவார். அந்தக் கடனைத் தீர்த்தால் கங்காணியின் ஆட்களை வேறு தோட்டத்துக்கு விடுவதாகத் துரை எழுதிக் கொடுக்கும் சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். ஆட்கள் கடனோடு சேர்த்தே கைமாறினார்கள். துண்டு முறை 1921இல்தான் சட்டப்படி ஒழிந்தது.

இலங்கைத் தோட்டங்களில் காப்பி பயிரான காலத்தில் வழியே ஒரு சோதனை. ராமநாதபுரக் கரையிலிருந்து தோணியில் மன்னார்ப் பக்கம் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடக்க வேண்டும். காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் அந்தப் பாதையோரத்திலேயே புதைக்கப்பட்டார்கள்.

1896இல் பம்பாயில் பிளேக் பரவிய பின் இலங்கை அரசு உஷாரானது. தூத்துக்குடிக்கு முந்தைய தட்டப்பாறையில் முகாம் போட்டு, ஆட்களைத் தங்கவைத்துச் சோதித்த பிறகே கப்பலேற்றினார்கள். தோட்ட முதலாளிகள் 1904இல் இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தைத் திருச்சியில் நிறுவினார்கள். அதற்குச் சற்று முன்பே தகர வில்லை புழக்கத்துக்கு வந்திருந்தது. தோட்டத்தின் எண் பொறித்த சிறு தகரத் துண்டு அது. கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொள்வார்கள். அதைக் காட்டினால் ரயில், முகாம், கப்பல், சோறு எதற்கும் காசு வேண்டாம். செலவு முழுக்கத் தோட்டத்தின் பேரில் எழுதப்படும். இதை வெறும் வசதி என்று எழுதுவது நியாயமாகாது. எந்தத் தோட்டத்தின் ஆள் என்பதை ஒருவர் ஊரை விட்டுக் கிளம்பும்போதே கழுத்தில் கட்டி அனுப்பிய ஏற்பாடு அது.

மதுரை–மண்டபம் ரயில் பாதை 1902இல் வந்தது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பலும் சேர்ந்துகொள்ள, பயணம் மண்டபம் வழியாக மாறியது. தென்னையும் மணலுமான அந்தக் கரையில் இலங்கை அரசே பெரிய முகாம் ஒன்றை நடத்தியது. வந்தவர்களைக் குளிக்கவைத்து, துணிமணிகளை நீராவியில் கிருமி நீக்கி, அம்மைப்பால் குத்தி, ஐந்தாறு நாள் கண்காணிப்பில் வைத்தார்கள். கொக்கிப்புழுவுக்கும் பின்னாளில் மருந்து கொடுத்தார்கள். சாப்பாடு இலவசம். மதுரை, ராமநாதபுரம், திருச்சி, சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை என்று பல பக்கத்துக் குடும்பங்கள் இங்கே ஒன்றாகத் தங்கின. ரயில் நிலையத்தின் பெயர் இன்றும் 'மண்டபம் கேம்ப்'தான்.

1922இல் வந்த இந்தியக் குடியேற்றச் சட்டம் நிலைமையைக் கொஞ்சம் திருத்தியது. கங்காணிக்கு உரிமம் கட்டாயமானது. தொழிலாளர் நலனைக் கவனிக்க இந்திய அரசின் முகவர் ஒருவர் கண்டியில் அமர்ந்தார். 1923இல் இலங்கைச் சட்டமும் மாறியது; வழிச்செலவுப் பாரம் இல்லாமல் ஆட்கள் தோட்டத்தில் இறங்க வழி பிறந்தது. கொழும்பில் இந்தியத் தினக்கூலிகளை வேலையிலிருந்து நீக்கியதைத் தொடர்ந்து, 1939 ஆகஸ்ட் 1 முதல் உடலுழைப்புத் தொழிலாளர் இலங்கைக்குப் போக இந்தியா தடை விதித்தது.

இத்தனை ஏற்பாட்டிலும் போனவர் கையில் தங்கிய காகிதம் எதுவுமில்லை. முகாமின் பதிவேடு அரசிடம், பற்றுவரவு தோட்டத்திடம். இதன் விலை பிறகுதான் தெரிந்தது. சுதந்திர இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம், தந்தையோ அவருக்கு முந்தைய தலைமுறைகளோ இலங்கையில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. 1949இல் வந்த அடுத்த சட்டம், மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் தொடர்ந்து அங்கே வசித்ததை நிரூபிக்கச் சொன்னது. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து அறைகளில் பிறந்த பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பங்கள் போயின. அவற்றில் மிகப் பெரும்பாலானவை தள்ளப்பட்டன.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், இப்படி நாடற்றவர்களானவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பிரித்தது. மிஞ்சிய ஒன்றரை லட்சத்தை 1974இல் இரு நாடுகளும் பாதிக்குப் பாதி பங்கிட்டன. இந்தியாவுக்கு என்று ஒதுக்கப்பட்டும் வராமல் மலையகத்திலேயே தங்கிவிட்டவர்களுக்கும் சேர்த்து, ஒப்பந்த நாளிலிருந்து நிரந்தரமாக வசித்தவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் குடியுரிமை தரும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் 2003இல் நிறைவேற்றியது.