பொன்மலைக் கொல்லர்கள்

திருச்சிராப்பள்ளி ஜங்ஷனை விட்டுத் தஞ்சாவூர் நோக்கிப் புறப்படும் ரயில் நன்றாக வேகம் கொள்வதற்கு முன்பே பொன்மலை ஸ்டேஷன் வந்துவிடுகிறது. க்ஷேத்திர யாத்திரை செய்பவர்கள் ஸ்ரீரங்கத்தையும் திருவானைக்காவையும் மலைக்கோட்டையையும் தரிசித்துவிட்டு, தேவாரப் பாடல் பெற்ற ஸ்தலமாகிய திருவெறும்பூருக்குப் போகும் வழியில் இந்த ஊரை ஜன்னல் வழியாகப் பார்த்தபடியே கடந்துவிடுவார்கள். ஊருக்குப் பெயர் கொடுத்த சிறு குன்றுக்குச் சரித்திரத்தில் ஒரு இடம் உண்டு. 1753ஆம் வருஷம் ஜூன் மாதத்தில் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்னும் ஆங்கிலத் தளபதி பிரெஞ்சுக்காரரையும் அவர்களுக்குத் துணை நின்ற மைசூர்ப் படையையும் எதிர்த்து வென்றது இந்தப் பாறையின் அருகில்தான். ஆயினும் பொன்மலையின் பெருமை அந்த ஒரு நாளைய யுத்தத்தால் வந்ததன்று. ஏறத்தாழ நூறாண்டுக் காலமாக ஓய்ந்துபோன இஞ்சின்களை வாங்கி, பிரித்து, செப்பனிட்டு, மறுபடியும் இருப்புப் பாதைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் ரயில்வேப் பணிமனையால் வந்தது.

ஒரு தேசத்தில் பொது வாகனங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் வழக்கமாக மூன்று பேரை நினைவு கூர்வார்கள்: பணம் போட்டு வாங்கியவர், படம் வரைந்து செய்தவர், ஏறி ஓட்டியவர். நான்காவதாக ஒருவர் உண்டு என்பதும், அவர் கைப்படாவிட்டால் முதல் மூவரின் முயற்சியும் சில வருஷங்களில் துருவாகப் போய்விடும் என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. அந்த நான்காமவருடைய தொழில் எப்படி வளர்ந்தது என்பதை அறிய விரும்புகிறவருக்குப் பொன்மலையைவிட நல்ல பாடப்புத்தகம் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

கதை தொடங்குவது பொன்மலையில் அல்ல, நாகப்பட்டினத்தில். சென்னை ராஜதானியின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டு நாட்டை நோக்கி ஓடிற்று. அதற்குச் சில வருஷங்கள் கழித்து, கிரேட் சதர்ன் என்னும் மற்றொரு கம்பெனி நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி வரை பாதை போட்டு 1862இல் வேலையை முடித்தது. 1874இல் இந்தக் கம்பெனியும் கர்நாடிக் ரயில்வேயும் ஒன்றாகிச் சவுத் இந்தியன் ரயில்வே ஆயிற்று. அக்காலத்தில் இஞ்சினும் தண்டவாளமும் அவற்றின் ஒவ்வொரு திருகாணியும் இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்திறங்க வேண்டியிருந்தபடியால், துறைமுகத்தின் அருகிலேயே பட்டறையை அமைப்பது இயல்பாயிற்று. கடற்கரை ஊரொன்றில், தேர்ச்சக்கரமும் ஏற்றச்சாலும் கலப்பைக் கொழுவும் செய்து பழகிய கொல்லர் தச்சர் பரம்பரையினர், நீராவி என்னும் புதிய சக்திக்கு வைத்தியம் பார்க்கக் கற்றுக்கொண்டார்கள்.

வைத்தியம் என்ற சொல்லைச் சும்மா அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. ரயில்வேயில் பராமரிப்பு இரண்டு படிகளாக நடந்தது. இஞ்சின் ஒவ்வொரு ஓட்டமும் முடிந்து வந்து நிற்கும் லோகோ ஷெட் முதற்படி. டிரைவர் தம் ஓட்டத்தில் கண்ட குறைகளை அங்கே உள்ள ரிப்பேர் புத்தகத்தில் எழுதிவைப்பார். சாம்பல் அள்ளுவதும், எண்ணெய் இடுவதும், பாய்லரைக் கழுவுவதும், தளர்ந்ததை முடுக்குவதும் அங்கேயே நடந்துவிடும். இரண்டாம் படி பணிமனை. இஞ்சின் ஓடிய தூரமும் கழிந்த காலமும் கணக்குப் பார்க்கப்பட்டு, கெட்டுப்போயிருந்தாலும் இல்லாவிட்டாலும் குறித்த தவணையில் அது பணிமனைக்கு வந்தே ஆகவேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தை வலிய நிறுத்திப் பிரித்துப் பார்ப்பது வீண் செலவு என்று வெளியார் நினைக்கலாம். ஆனால் நடுவழியில் நின்றுவிட்ட ஓர் இஞ்சின் தன் பின்னால் வரும் அத்தனை வண்டிகளையும் நிறுத்திவிடும் என்பதை அறிந்த ரயில்வேக்காரர்கள், நோய் வந்தபின் மருந்து தேடுவதைவிடத் தவணை தவறாமல் உடம்பைச் சோதிப்பதே லாபம் என்று கண்டுகொண்டார்கள். அவர்களுடைய பாஷையில் இதற்குப் பீ.ஓ.எச். (பீரியாடிக் ஓவர்ஹால்) என்று பெயர்; பொன்மலைக் குடும்பங்களில் படிக்காத பாட்டிமாருக்கும் இந்த மூன்றெழுத்தின் பொருள் தெரியும்.

அப்படி வந்து சேர்ந்த இஞ்சின் முதலில் தன் உருவத்தை இழக்கும். கிரேன்கள் பாய்லரை மேலே தூக்கி ஒரு பக்கமும், சக்கரங்களை உருட்டி ஒரு பக்கமும் கொண்டுபோக, நடுவில் வெறும் சட்டம் எலும்புக்கூடு போல நிற்கும். பாய்லர் பகுதியில் தண்ணீரின் உப்பு கல்லாகப் படிந்த குழாய்களை உருவி எடுப்பார்கள். நெருப்பு எரியும் அறையின் சுவர்களை ஒன்றோடொன்று பிணைத்திருக்கும் தண்டுகளைச் சுத்தியால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டே முழுசா உடைசலா என்று தீர்மானிப்பார்கள். சந்தையில் பானையைத் தட்டிப் பார்த்து வாங்கும் கிழவிக்கும் இவர்களுக்கும் உள்ள வித்தியாசம், இவர்கள் காது தவறினால் உடைவது பானையன்று என்பதுதான். எல்லாம் பூட்டியபின் பாய்லருக்குள் தண்ணீரை நிரப்பி, அது வேலை செய்யும் அழுத்தத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்துச் சோதிப்பார்கள். நீராவிக்குப் பதிலாகத் தண்ணீரால் சோதிப்பதில் ஒரு யுக்தி இருக்கிறது: அடக்கிய நீராவி வெடித்துச் சிதறும்; தண்ணீரோ, பலவீனமான இடத்தில் கசிந்து தன்னைக் காட்டிக்கொடுப்பதோடு நின்றுவிடும்.

சக்கரப் பகுதியில் நடப்பதை ஒரு கிராமத்துக் கொல்லர் பார்த்தால் ஆச்சரியப்படமாட்டார். மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையை வரட்டித் தீயில் பழுக்கக் காய்ச்சி, மரச்சக்கரத்தில் இறக்கி, உடனே தண்ணீர் ஊற்றி இறுகவைப்பது அவருடைய அன்றாட வித்தை. இஞ்சின் சக்கரத்தின் எஃகுப் பட்டையும் அந்தத் தத்துவத்தின்படியே ஏறுகிறது. ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாகக் கடைந்த பட்டையைச் சூடேற்றி விரியச் செய்து, அதனுள் சக்கரத்தை இறக்கி ஆறவிடுவார்கள். ஆறியபின் அதைப் பிரிக்க வேண்டுமானால் மறுபடியும் நெருப்பைத்தான் நாட வேண்டும். அச்சும் தாங்கியும் பொருந்தும் இடத்தில் இன்னும் நுட்பமான காரியம் ஒன்று உண்டு. அச்சின்மீது ஈயச் செந்தூரத்தை மெல்லியதாகப் பூசித் தாங்கியை அதன்மேல் வைத்துத் திருப்பி எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் சிவப்பு ஒட்டியிருக்கும். அந்தச் சிவப்பைச் சுரண்டி, மறுபடி வைத்து, மறுபடி சுரண்டி, தாங்கி முழுவதும் ஒரே சீராகச் செந்நிறம் படியும் வரையில் பிட்டர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கமாட்டார். இந்தச் சுரண்டலை எந்தப் புத்தகமும் கற்பித்ததில்லை. அப்ரண்டிஸ் பையன் மேஸ்திரியின் கையைப் பார்த்துக் கற்றான்; பின்னாளில் தன் கையைப் பிறர் பார்க்க வேலை செய்தான்.

இத்தனை கைகளுக்கும் தலைவராக இருந்தவர் ஃபோர்மேன். வெள்ளைக்காரக் கம்பெனிக் காலத்தில் அந்தப் பதவி பெரும்பாலும் ஐரோப்பியருக்கும் ஆங்கிலோ-இந்தியருக்குமே உரியதாக இருந்தது; நம்மவர்கள் மேஸ்திரிப் பதவியோடு நிற்க வேண்டியிருந்தது. நிறம் எதுவாயினும் பதவியின் தர்மசங்கடம் ஒன்றே. வண்டிகளை ஓட்டும் இலாகாவுக்கு இஞ்சின் பணிமனையில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் நஷ்டம். ஆகவே, எப்போது விடுவீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். திருவிழாக் கூட்டம் என்றும், நெல் வாகன்கள் தேங்கிக் கிடக்கின்றன என்றும் அவர்கள் சொல்லும் காரணம் ஒவ்வொன்றும் நியாயமானதாகவே இருக்கும். ஆயினும் விரிசல் கண்ட ஒரு தண்டை, அடுத்த தவணை வரை தாங்கிவிடும் என்று விட்டுக்கொடுத்தால், அந்த விட்டுக்கொடுத்தலின் விலையைக் கொடுப்பவர்கள் டிக்கெட் வாங்கி ஏறிய முன்பின் தெரியாத ஜனங்கள். இரு பக்கத்து நியாயத்தையும் கேட்டு, இஞ்சின் போகலாம் அல்லது போகக்கூடாது என்று கையெழுத்திடும் பொறுப்பு ஒருவருடையதாக இருந்தது. பராமரிப்புத் தலைமை என்பது வேலை வாங்கும் சாமர்த்தியத்தைக்காட்டிலும் இந்த ‘கூடாது’ என்ற சொல்லைத் தக்க சமயத்தில் சொல்லும் மனத்திண்மையில்தான் அடங்கியிருந்தது.

பாதைகள் பெருகி, இஞ்சின்களும் பெருகவே, நாகப்பட்டினத்துப் பட்டறை போதாமற்போயிற்று. கடலோரத்தில் ஒதுங்கிக் கிடந்த ஊரைவிட, நான்கு திசைப் பாதைகளும் கூடும் திருச்சிராப்பள்ளியே தகுந்த இடம் என்று கம்பெனி முடிவு செய்து, பொன்மலையில் விஸ்தாரமான புதிய பணிமனையையும், நேரான வீதிகளும் வரிசை வீடுகளும் கொண்ட தொழிலாளர் குடியிருப்பையும் எழுப்பிற்று. 1928இல் வேலை அங்கே இடம் மாறியது. சங்கு ஊதும் நேரத்தைக் கொண்டு அடுப்பு மூட்டும் ஊர் ஒன்று இங்கே பிறந்தது. அங்கே, தலைமுறைகளாகப் பட்டறையை நம்பி வாழ்ந்த நாகப்பட்டினம் களையிழந்தது.

அந்த இடமாற்றம் சமாதானமாக நடந்துவிடவில்லை. செலவைக் குறைக்க விரும்பிய கம்பெனி, தொழிலாளிகளின் திறமையைப் பரீட்சை வைத்து அளந்து, மூவாயிரத்து நூறு பேருக்குமேல் வேலையிலிருந்து நீக்கத் திட்டமிட்டது. இருபது வருஷம் காதாலும் விரல் நுனியாலும் இஞ்சினை அறிந்த ஒருவனை ஒரு நாள் பரீட்சையில் நிறுத்துப் பார்ப்பது எவ்வளவு அவமானம் என்பதை நிர்வாகம் உணரவில்லை. 1928 ஜூன் மாதக் கடைசியில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஜூலை 30 வரை நீடித்துத் தென்னாட்டு ரயில் போக்குவரத்தையே ஸ்தம்பிக்கச் செய்தது. தலைமை தாங்கிய சிங்காரவேலரும் முகுந்தலால் சர்க்காரும் சிறை சென்றார்கள். தொழிற்சங்கத்தின் அங்கீகாரம் பறிக்கப்பட்டது. பதினெட்டு வருஷங்களுக்குப் பின், 1946 செப்டம்பர் 5ஆம் தேதி, பொன்மலையிலேயே போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் உயிரிழந்தார்கள். அவர்களுடைய நினைவு நாள் இன்றும் அங்கே அனுஷ்டிக்கப்படுகிறது. ஒரு தண்டில் மயிரிழை அளவு விரிசல் கண்டாலும் இஞ்சினை நிறுத்திவிடும் ஸ்தாபனம், தன் மனிதர்களின் மனத்தில் விழுந்த விரிசலைத் தவணை பார்த்துச் சோதிக்கத் தவறியது இந்தச் சரித்திரத்தின் வருந்தத்தக்க பகுதி.

இதற்கிடையே இரண்டாவது உலக யுத்தத்தின்போது ராயல் ஏர்ஃபோர்ஸ் விமானங்களைச் செப்பனிடும் வேலையும் பொன்மலைக்கு வந்தது. நீராவி இஞ்சினைத் தவிர வேறொன்றும் அறியாதவர்கள் என்று எண்ணப்பட்டவர்கள் ஆகாய யந்திரங்களுக்கும் கை கொடுத்தார்கள். கம்பெனி 1944இல் சர்க்கார் வசமாகி, 1951இல் தெற்கு ரயில்வேயில் கலந்தது. பின்னர் டீசல் இஞ்சின்கள் வந்தன. 1992க்குப் பிறகு மீட்டர் பாதைகளும் மளமளவென்று அகலப் பாதைகளாயின. மாறியவற்றையெல்லாம் கற்றுக்கொண்டு பணிமனை நிலைத்தது.

செப்பனிடுகிறவனுக்குச் செய்யத் தெரியாது என்பது அன்னிய ஆட்சிக் காலத்தில் பரவலாக இருந்த அபிப்பிராயம். அதைப் பொய்யாக்கியவையும் செப்பனிடும் பட்டறைகளே. இந்தியாவில் முழுவதும் கட்டப்பட்ட முதல் இஞ்சின் 1895இல் அஜ்மீர்ப் பணிமனையிலிருந்து வெளிவந்தது. நான்கு வருஷம் கழித்துப் பீகாரின் ஜமால்பூர்ப் பணிமனையும் இஞ்சின் கட்டிற்று. பொன்மலையின் முறை வெகுகாலம் தாழ்த்தி வந்தாலும், வந்த விதம் விசேஷமானது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்துக்கு 46 கிலோமீட்டர் ஏறும் நீலகிரி மலை ரயிலுக்கு, 1914 முதல் ஸ்விட்ஸர்லாந்தின் விண்டர்தூர் நகரத் தொழிற்சாலையில் செய்த எக்ஸ் வகை இஞ்சின்கள் வந்தன. சக்கரங்களை ஓட்ட இரண்டு சிலிண்டர்கள், செங்குத்தான ஏற்றத்தில் பல்சக்கரத்தை ஓட்ட வேறு இரண்டு சிலிண்டர்கள், முதல் ஜோடி பயன்படுத்திய நீராவியே இரண்டாம் ஜோடிக்கும் உழைக்கும் விசித்திர அமைப்பு என்று சிக்கல் மிகுந்த யந்திரம் அது. வயதாகிவிட்ட அந்த இஞ்சின்களுக்குப் பதில் புதியவை வேண்டியிருந்தபோது, உலகமே நீராவியைக் கைவிட்டுவிட்ட நிலையில், பொன்மலை அந்த வேலையை ஏற்றது. பழைய இஞ்சின்களைப் பிரித்துப் பூட்டிப் பழகிய அனுபவத்தை மூலதனமாகக் கொண்டு, 2011 முதல் புதிய எக்ஸ் வகை இஞ்சின்களை அது கட்டி மலைக்கு அனுப்பியது.

பஸ்ஸாகட்டும், ரயிலாகட்டும், சாலை போடும் யந்திரமாகட்டும், புதிதாக ஒன்று வாங்கினால் மாலையிட்டுக் கொடியசைத்து விழா எடுக்கிறோம். பழுது நீங்கித் திரும்பி வரும் வாகனத்துக்கு ஒரு தேங்காய்கூட உடைப்பதில்லை. பொதுப்பணத்தை ஆளுகிறவர்கள் வாங்கும் செலவில் காட்டும் உற்சாகத்தில் பாதியையாவது பேணும் செலவில் காட்டவேண்டும்; ‘கூடாது’ என்று கையெழுத்திடும் மனிதருக்குத் துணை நிற்கவேண்டும். வாசகர் அடுத்த முறை மேட்டுப்பாளையத்தில் மலை ரயில் ஏறும்போது இஞ்சின் எங்கே செய்தது என்று விசாரித்துப் பார்க்கட்டும். விண்டர்தூரில் பிறந்து பொன்மலையில் பிழைத்ததாக இருக்கலாம். பொன்மலையிலேயே பிறந்ததாகவும் இருக்கலாம்.