கச்சேரி வாசலில் மொழி

ஆங்கிலேயர் ஆட்சியில் வவுனியாக் கச்சேரியின் கோப்புகள் ஆங்கிலத்தில் இருந்தன. மனுவோடு வாசலில் நின்ற வன்னிக் கமக்காரன் அறிந்ததோ தமிழ். இடைநின்ற எழுதுவினைஞர் மேலே ஆங்கிலத்திற் பணிந்தார். கீழே தமிழில் அதட்டினார். அதனையே நாம் கந்தோர் மரியாதை என்று போற்றினோம்!

1956-ஆம் ஆண்டின் 33-ஆம் இலக்கச் சட்டம் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிற்று. கமக்காரனுக்கு விளங்காத கடிதம் இனி வேறோர் எழுத்தில் வரலாயிற்று. எழுதுவினைஞரின் சம்பள உயர்வோ சிங்களப் பரீட்சையிலே தொங்கிற்று. வவுனியா தெற்கின் சிங்களக் கிராமத்தவரோடு சந்தையில் அவர்தம் மொழி பேசச் சட்டமா வேண்டியிருந்தது?

பரீட்சைக்குப் படித்தோரைப் பழிக்க நமக்கு மனமில்லை. வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. கேகாலைக் கச்சேரி எழுதுவினைஞர் கோடீஸ்வரன் மறுத்தார். 1962-இல் அவரது உயர்வு நிறுத்தப்பட்டது. அவர் தொடுத்த வழக்கு 1969-இல் இலண்டன் கோமறைக் கழகம்வரை சென்றது. தமிழும் அரசகரும மொழியென 13-ஆம் திருத்தம் கூறியது 1987-இலேதான்.