ஹால் கட்டிய கடனும் எண்பது வருட வட்டியும்



சென்ற பொதுக்குழுவில் நம் வளாகத்துக்கு ஒரு ஹால் கட்டுவது பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம். வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிப்பதா, கடன் வாங்குவதா, வெளியாட்களுக்கு வாடகைக்கு விடலாமா? எதுவும் முடிவாகவில்லை. 250 வருடங்களுக்கு முன் லண்டனில் ஒரு சங்கமும் இதே கேள்விகளோடுதான் உட்கார்ந்திருந்தது. வங்கியில் லெட்ஜர் எழுதியே காலம் தள்ளியவன் நான். அவர்கள் போட்ட கணக்கை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஃப்ரீமேசன்கள் என்ற சகோதர சங்கத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களுடைய கிளைக்கு லாட்ஜ் என்று பெயர் (பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ரூம் கொடுக்கும் லாட்ஜ் அல்ல!). 1717-ல் லண்டனின் நான்கு லாட்ஜுகள் சேர்ந்து தலைமைச் சங்கம் அமைத்தபோது கூடிய இடம் ஒரு மதுக்கடை. அதன்பின் ஐம்பது வருடத்துக்கு மேல் சொந்த இடம் கிடையாது.

1768-ல் கட்டிட நிதி தொடங்கினார்கள். புதிதாகச் சேருபவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றக் கட்டணம் வைத்தார்கள். 1774-ல் கிரேட் குவீன் தெருவில் இடம் வாங்கினார்கள். 1775 மே 1 அன்று தலைவர் பீட்டர் பிரபு அடிக்கல் நாட்டினார். அவர் கத்தோலிக்கர். அன்றைய இங்கிலாந்தில் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் உட்கார முடியாது, ஆனால் இந்தச் சங்கத்துக்குத் தலைவராக முடிந்தது. தாமஸ் சாண்ட்பி வரைபடம் போட்ட ஹாலை 1776 மே 23 அன்று திறந்துவிட்டார்கள். ஒரு வருடம், மூன்று வாரம்! நம் லிஃப்ட் ரிப்பேரை நினைத்துப் பெருமூச்சு விடாதீர்கள்.

பணம் எப்படி வந்தது என்பதுதான் சுவாரசியம். 'டான்டீன்' என்ற திட்டம். நூறு பங்கு, பங்குக்கு 50 பவுண்டு, ஆக 5,000 பவுண்டு. சங்கம் வருடத்துக்கு 250 பவுண்டு, அதாவது ஐந்து சதவீதம் தரும். அசலைத் திருப்பித் தர வேண்டாம். ஆனால் ஒருவர் இறந்தால் அவர் பங்கு வட்டி வாரிசுக்குப் போகாது, உயிரோடு இருப்பவர்களுக்குப் பிரியும். எல்லோருக்கும் சமம் என்று வைத்துக்கொண்டால், நூறு பேர் இருக்கும்போது தலைக்கு இரண்டரை பவுண்டு, ஐம்பது பேர் ஆனால் ஐந்து. கடைசி ஆளுக்கு 250-ம் அவருக்கே. அவரும் போனால் கடன் தீர்ந்தது.

கேட்கும்போது சங்கத்துக்கு லாபம் போலத் தோன்றும். பேனாவை எடுத்துப் பாருங்கள். இருபது வருடத்தில் வாங்கிய தொகை முழுவதும் வட்டியாகவே போய்விடும். கடைசி ஆள் கண் மூட எண்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. 5,000 வாங்கி 20,000-க்கு மேல் கட்டினார்கள். வங்கியில் இப்படி ஒரு கடன் மனு வந்திருந்தால் எங்கள் மேனேஜர் மகிழ்ந்து போயிருப்பார்.

அந்தப் பணமும் போதவில்லை. 1780-ல், வட்டியில்லாமல் 25 பவுண்டு கடன் கொடுப்பவருக்கு ஒரு பதக்கம் என்று அறிவித்தார்கள். மார்பில் குத்திக்கொள்ள ஒரு பதக்கத்துக்காக வட்டியை விட்டுக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். என் கணக்கில் இதுதான் மலிவான கடன்.

ஹாலைத் தங்களுக்கென்று பூட்டி வைக்கவில்லை. கச்சேரிக்கும் நடனத்துக்கும் கூட்டத்துக்கும் வாடகைக்கு விட்டார்கள். 1784-லிருந்து பழைய இசைக்கான அகாடமி அங்கே கச்சேரி நடத்தியது. 1824-ல் அடிமை முறை ஒழிப்புச் சங்கத்தின் கூட்டம் அங்கே நடந்தது. அதில் பேசிய ஓர் இளைஞர் பின்னாளில் நம் கல்வியில் கை வைத்த மெக்காலே. ஹாலை ஒட்டியிருந்த டேவர்னில்தான் 1863-ல் இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் பிறந்தது. ரகசியச் சங்கம் என்று பெயர் எடுத்தவர்களே கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். நாம் பக்கத்து பிளாக் விருந்தாளியின் கார் எங்கே நிற்கலாம் என்று சண்டை போடுகிறோம்.

அடுத்த பொதுக்குழுவில் ஹால் விஷயம் மறுபடி வருகிறது. கடன், தனி வசூல், வாடகை வரவு மூன்றையும் பத்து வருடத்துக்குக் கணக்குப் போட்டு இரண்டு தாளில் எழுதி அசோசியேஷன் அலுவலகத்தில் வைத்திருக்கிறேன். தப்பு இருந்தால் பென்சிலால் குறித்து வையுங்கள், திருத்திவிடுகிறேன்.