கிள்ளான் பள்ளத்தாக்கில் வைமேக்ஸ்: இன்டெலின் சந்தை விரிவாக்க வரலாறு (2003–2016)

முன்னுரை

ஒரு துறையில் கோலோச்சும் சில்லு நிறுவனம் அடுத்த துறையிலும் அதே வலிமையோடு காலூன்ற முடியுமா? இக்கேள்விக்கான விடையைச் செராஸ் முதல் ஷா ஆலாம் வரையுள்ள நம் வட்டார வரலாற்றிலேயே தேடலாம். 2008-இல் கிள்ளான் பள்ளத்தாக்கு வீடுகளுக்கு வந்த வைமேக்ஸ் கம்பியில்லா இணையம், கணினிச் சந்தைக்கு வெளியே இன்டெல் மேற்கொண்ட பெருமுயற்சிகளுள் ஒன்று. தன் கைவசமுள்ள கருவியில் புதியதைச் சேர்க்கும்போது ஆதிக்கம் துணை நிற்கிறது. பிறர் ஆளும் சந்தைக்குள் நுழையும்போது அது கைகொடுப்பதில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1. பினாங்கிலிருந்து சென்ட்ரினோ வரை

இன்டெலுக்கு மலேசியா பழகிய மண். அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையை 1972-இல் அது பினாங்கில் தொடங்கியது. 1981-இல் ஐபிஎம் தன் தனிக்கணினிக்கு இன்டெலின் 8088 செயலியைத் தேர்ந்தெடுத்தது. ஜப்பானிய நிறுவனங்களின் போட்டியால் நினைவகச் சில்லுத் தொழிலை 1985-இல் கைவிட்ட இன்டெல், அதன்பின் கணினிச் செயலியையே தன் உயிர்நாடியாக்கிக் கொண்டது.

2003-இல் வெளிவந்த சென்ட்ரினோ, செயலியையும் வைஃபையையும் ஒரே தொகுப்பாக மடிக்கணினிக்குள் சேர்த்தது. லோயாட் பிளாசாவில் அக்காலத்தில் மடிக்கணினி வாங்கியவர்கள், விசைப்பலகைக்குக் கீழே மணிக்கட்டு படும் இடத்தில் அந்தப் பெயர் பொறித்த ஸ்டிக்கரைக் கண்டிருப்பார்கள். இந்த வெற்றிக்கு இரண்டு காரணங்கள். மடிக்கணினித் தயாரிப்பாளர்கள் ஏற்கெனவே இன்டெலின் வாடிக்கையாளர்கள். வைஃபை அலைவரிசைக்குத் தனி உரிமமும் தேவைப்படவில்லை. கடைக்காரர் ஒரு ரவுட்டரை மாட்டினாலே போதும்.

2. வைமேக்ஸ் வருகை

அடுத்து, வீட்டளவில் நின்ற கம்பியில்லா இணையத்தை நகரளவுக்கு விரிக்க இன்டெல் முனைந்தது. வைமேக்ஸ் தொழில்நுட்பத்தை முன்னிறுத்தி, 2006-இல் அமெரிக்காவின் கிளியர்வயர் நிறுவனத்தில் 60 கோடி டாலர் முதலீடு செய்தது.

மலேசியாவில் 2007-இல், மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் நான்கு நிறுவனங்களுக்கு 2.3 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையை ஒதுக்கியது. அவற்றுள் கிரீன் பாக்கெட் குழுமத்தின் பாக்கெட் ஒன், 2008 ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கில் சேவையைத் தொடங்கியது. இன்டெலின் முதலீட்டுப் பிரிவும் அதில் பணம் போட்டது. டெலிகோம் மலேசியாவின் ஸ்ட்ரீமிக்ஸ் கம்பிவழி இணைய இணைப்புக்கு விண்ணப்பித்து ‘போர்ட் இல்லை’ என்ற பதிலைக் கேட்டுச் சலித்த தாமான்வாசிகளுக்கு இது நல்வரவாக இருந்தது. தொலைபேசிக் கம்பியை வெட்டிவிடுங்கள் என்று பாக்கெட் ஒன் செய்த ‘போத்தோங்’ விளம்பரம் பரவலாகப் பேசப்பட்டது. 2010 நவம்பரில் ஒய்டிஎல் குழுமமும் ‘யெஸ்’ என்ற பெயரில் வைமேக்ஸ் வலையமைப்பைத் திறந்தது.

3. பின்னடைவின் காரணங்கள்

முதல் தடை இயற்பியல் சார்ந்தது. 2.3 கிகாஹெர்ட்ஸ் அலை கான்கிரீட் சுவரைக் கடக்கும்போது வலுவிழக்கும். செராஸ் போன்ற அடுக்குமாடிகள் நெருங்கிய பகுதியில் மோடத்தைச் சன்னலோரம் வைத்து, சிக்னல் விளக்குகள் எத்தனை எரிகின்றன என்று பார்த்துப் பார்த்து இடம் மாற்ற வேண்டியிருந்தது. வரவேற்பறையில் கிடைத்த வேகம் உள்ளறையில் கிடைக்கவில்லை.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. கைப்பேசி நிறுவனங்களும் அலைக்கற்றை உரிமையாளர்களும் இன்டெலின் பிடியில் இல்லை. எரிக்சன், நோக்கியா, குவால்காம் ஆகியவை வளர்த்த, வைமேக்ஸின் போட்டித் தொழில்நுட்பமான எல்டிஇ 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஓஸ்லோவிலும் வணிகச் சேவையானது. உலகின் பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அதன் பக்கம் சாய்ந்தன. கருவிகள் பெருகாததால் வைமேக்ஸின் விலை குறையவில்லை. விலை குறையாததால் கருவிகளும் பெருகவில்லை. உள்நாட்டிலோ 2010 மார்ச்சில் டெலிகோம் மலேசியாவின் யூனிஃபை கண்ணாடி இழை இணைப்பு வந்துவிட்டது.

2014-இல் டெலிகோம் மலேசியா பாக்கெட் ஒன்னின் பெரும்பான்மைப் பங்கை வாங்கியது. 2016-இல் யெஸ் எல்டிஇக்கு மாறத் தொடங்கியது. அதே ஆண்டில் இன்டெல் திறன்பேசிச் செயலித் திட்டங்களைக் கைவிட்டது. அதற்கு முன் 2014-இல் மட்டும் அதன் கைப்பேசிப் பிரிவு 420 கோடி டாலர் இழந்திருந்தது. கைப்பேசிகளுக்கான எக்ஸ்ஸ்கேல் செயலிப் பிரிவை ஐபோன் வருவதற்கு முந்தைய ஆண்டான 2006-இலேயே மார்வெல்லுக்கு விற்றதை இதனோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். வளரவிருந்த சந்தையில் கையிலிருந்த பிடியை விட்டுவிட்டு, பிறகு பெரும்பொருள் செலவிட்டும் அதை மீட்க முடியவில்லை.

4. ஓர் ஒப்பீடு

என்விடியா இதே பாடத்தின் மறுபக்கம். திறன்பேசிக்கென அது உருவாக்கிய டெக்ரா சில்லு அச்சந்தையில் நிலைக்கவில்லை. ஆனால், தன் வரைகலைச் சில்லைப் பொதுக் கணக்கீட்டுக்குத் திறந்துவிட்ட கூடா மென்பொருள், 2006-இல் அறிமுகமாகி, பின்னாளில் செயற்கை நுண்ணறிவின் அடித்தளமானது. அது சொந்தச் சில்லின் மேல், சொந்தப் பயனர்களோடு எழுப்பப்பட்ட விரிவாக்கம்.

முடிவுரை

ஆதிக்க நிறுவனம் புதிய சந்தையில் வெல்லக்கூடும். ஆனால் பண பலமோ தொழில்நுட்பமோ மட்டும் அதற்குப் போதாது. வாடிக்கையாளரைச் சென்றடையும் வழி அதன் கையில் இருக்க வேண்டும். 2023 டிசம்பரில் ஒய்டிஎல், என்விடியாவுடன் இணைந்து ஜொகூர், கூலாயில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையத் திட்டத்தை அறிவித்தது. ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கனவில் நம் நிறுவனங்களும் பயனர்களும் பங்கேற்பது இது முதல்முறையன்று. ஆகவே இத்தகைய கூட்டுறவுகளை மதிப்பிடும்போது முதலீட்டுத் தொகையோடு நிறுத்திவிடக் கூடாது. அந்தத் தொழில்நுட்பம் வழக்கொழிந்தாலும் வடிவமைப்பு அறிவும் பொறியியல் திறனும் இந்நாட்டில் எஞ்சுமா என்பதையே கொள்கை வகுப்போர் முதல் அளவுகோலாகக் கொள்ள வேண்டும்.