உப்புத் துளசி

2004 டிசம்பர் 26 அன்று காரைக்கால் கரையோரம் போன உயிர்களைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் மண்ணைப் பற்றிச் சொல்கிறேன்.

கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. சுனாமித் தண்ணீர் வடிந்த வயல்களில் அது வெள்ளையாகப் பூத்தது. உப்பிலுள்ள சோடியம் களிமண்ணின் கால்சியத்தைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்ளும். மண் இறுகிவிடும், வேர் தண்ணீர் இழுக்கத் திணறும். எல்லோருக்கும் நெல்லைப் பற்றித்தான் கவலை. கடற்கரைப் பக்கம் அத்தை வீட்டுக் கொல்லையில் பிழைத்து நின்ற துளசியை யார் கவனித்தார்கள்?

இலை சிறுத்து, ஓரம் கருகியிருந்தது. ஆனால் கிள்ளினால் வாசனை ஆளைத் தூக்கியது. "சமுத்திரராஜன் தொட்ட துளசிடா, வாசனை வராதா?" என்றார் அத்தை. எண்பது வயதுக்காரரிடம் எதிர்வாதம் செய்ய நான் யார்!

விஷயம் வேறு. அளவான உப்பில் துளசிக் குடும்பத்துச் செடிகள் சிலவற்றில் இலை சிறுத்து, எண்ணெய்ச் சுரப்பிகள் நெருங்கிவிடும். கிராமுக்குக் கிராம் பார்த்தால் மணம் கூடலாம். ஆனால் இலையே கொஞ்சம் என்பதால் செடி மொத்தமாகத் தரும் எண்ணெய் குறைவு. உப்பு மிஞ்சினால் அதுவும் போகும்.

வயல்களில் ஜிப்சம் போட்டார்கள், நீரைத் தேக்கி வடித்தார்கள், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். கொல்லைக்கு மழைதான் வைத்தியம். 2005 ஐப்பசி, கார்த்திகையில் அது கொட்டித் தீர்த்தது. தை பிறந்தபோது துளசி இலை பழைய அகலத்துக்கு வந்திருந்தது.

வாசனை குறைந்துபோச்சே என்று அத்தைக்கு மனத்தாங்கல்.