கையில் ஆறு மணி நேரம்... முதுநகரில் இறங்கி கோட்டையும் சோழர் தலைநகரும் பார்த்துத் திரும்புவது எப்படி?

2023 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து இலங்கைக்கு 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பல் புறப்பட்டது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று ஒவ்வோர் ஊரிலும் சில மணி நேரம் நின்றது. இப்படி ஒரு கப்பலில் போகிறவர்களுக்கெல்லாம் வரும் முதல் சந்தேகம் இதுதான்: கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் டூரில் போவதா, கரையில் இறங்கி நாமே ஒரு வண்டி பிடிப்பதா?

திருகோணமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபிரெடெரிக் கோட்டையும் கோணேசுவரமும் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. அனுராதபுரத்தின் இடிபாடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் 100 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். சொந்தமாக வண்டி பிடித்தால் செலவு குறையும், பிடித்த இடத்தில் கூடுதல் நேரம் நிற்கலாம். ஆனால், ஒரு விஷயத்தில் கப்பல் உலகம் முழுக்க ஒரே பழக்கம்தான். கப்பல் கம்பெனியின் டூர் பஸ் தாமதமானால் பெரும்பாலும் காத்திருப்பார்கள். நீங்களே பிடித்த வண்டி தாமதமானால் கப்பல் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, இதற்கும் கடலூர் முதுநகருக்கும் என்ன சம்பந்தம்?

ஒரு காலத்தில் டச்சு, ஆங்கிலேயர், பிரெஞ்சு கப்பல்கள் வந்து நின்ற கரை இது. இன்று சொகுசுக் கப்பல் எதுவும் இங்கே வருவதில்லை. வருவது ரயில்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் சான்றிதழ் வாங்க, சிப்காட்டில் இன்டர்வியூவுக்கு, சொந்தக்காரர் கல்யாணத்துக்கு என்று வருகிறவர்கள் பலருக்கும் திரும்பும் ரயிலுக்கு முன்பு நாலு மணி நேரமோ எட்டு மணி நேரமோ மிச்சமிருக்கும். அதை பிளாட்பாரத்தில் போனைப் பார்த்தே கழிப்பவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் 300 வருடப் பழைய கோட்டையையோ, 1,000 வருடப் பழைய தலைநகரத்தையோ பார்த்துவிட்டு வர முடியும். கப்பல் பயணிகளின் கணக்கை மட்டும் கடன் வாங்கிக்கொண்டால் போதும்.

முதலில் திரும்பும் நேரம், பிறகுதான் இடம்

'எங்கே போகலாம்?' என்று ஆரம்பிக்காதீர்கள். 'எத்தனை மணிக்கு ஸ்டேஷனில் இருக்க வேண்டும்?' என்று ஆரம்பியுங்கள்.

மாலை 6 மணிக்கு ரயில் என்று வைத்துக்கொள்வோம். 5.30-க்கு ஸ்டேஷனில் இருக்க வேண்டும். வழியில் டயர் பஞ்சர், ரயில்வே கேட், திருவிழாக் கூட்டம் எது வேண்டுமானாலும் வரலாம். அதற்கு ஒரு மணி நேரத்தை ஒதுக்கிவிடுங்கள். ஆக, உங்கள் கணக்கில் நீங்கள் திரும்பி வந்து சேரும் நேரம் 4.30. அதிலிருந்து பயண நேரத்தைக் கழித்தால், பார்க்கும் இடத்திலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பது தெரிந்துவிடும். போகும் இடம் தூரமாக ஆக, ஒதுக்கும் நேரமும் கூட வேண்டும்.

எந்த ஸ்டேஷன்னு பார்த்தீங்களா?

கடலூரில் பலர் சறுக்கும் இடம் இது. இங்கே முக்கியமான ஸ்டேஷன்கள் இரண்டு. ஒன்று, பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் திருப்பாதிரிப்புலியூர். இன்னொன்று, முதுநகரில் இருக்கும் கடலூர் துறைமுகம் சந்திப்பு. விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போகும் பாதையும், நெய்வேலி வழியாக விருத்தாசலம் போகும் பாதையும் பிரிவது முதுநகரில்தான்.

எல்லா எக்ஸ்பிரஸும் இரண்டு இடத்திலும் நிற்பதில்லை. வரும்போது முதுநகரில் இறங்கியிருப்பீர்கள்; திரும்பும் டிக்கெட்டில் திருப்பாதிரிப்புலியூர் என்று இருக்கும். வண்டி பேசுவதற்கு முன்பே டிக்கெட்டை ஒருமுறை திறந்து பாருங்கள். டிரைவரிடமும் 'கடலூர் ஸ்டேஷன்' என்று மொட்டையாகச் சொல்லாமல், ஸ்டேஷன் பெயரையே சொல்லுங்கள்.

பெரிய பை இருந்தால் அதை வைக்க ஸ்டேஷனில் வசதி இருக்கிறதா என்று இறங்கியவுடன் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் பையோடு சுற்றும்படிதான் பிளான் செய்ய வேண்டும். அப்போது பஸ்ஸைவிட ஆட்டோவோ காரோ வசதி.

3 மணி நேரம் இருந்தால்: செயின்ட் டேவிட் கோட்டை

முதுநகரிலிருந்து திருப்பாதிரிப்புலியூர், மஞ்சக்குப்பம் வழியாகக் கெடிலம் ஆற்றைத் தாண்டினால் தேவனாம்பட்டினம். பத்துக் கிலோமீட்டருக்குள்தான். ஆட்டோ போதும். கோட்டையின் ஆங்கிலப் பெயரைச் சொல்லி வழி கேட்பதைவிட, 'தேவனாம்பட்டினம், சில்வர் பீச் பக்கம், பழைய கோட்டை' என்று கேட்பது சுலபம்.

1690-ல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை மராட்டியர்களிடமிருந்து விலைக்கு வாங்கியது. வாங்கியவர் அப்போதைய சென்னை கவர்னர் எலிஹூ யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே யேல்! ஒப்பந்தத்தில் ஒரு விசித்திரமான ஷரத்து இருந்தது. கோட்டையிலிருந்து பீரங்கியால் சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ, அதுவரை உள்ள நிலமெல்லாம் கம்பெனிக்கு. அப்படிக் கம்பெனியின் கைக்குப் போன ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்துவிட்டது.

1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தபோது, தென்னிந்தியாவில் ஆங்கிலேயர்களின் தலைமையிடமாக இருந்தது இந்தக் கோட்டைதான். 1756-ல் ராபர்ட் கிளைவ் இதன் கவர்னராக வந்தார். இரண்டே வருடத்தில், 1758-ல், பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையைப் பிடித்து இடித்துத் தள்ளினார்.

அதனால் செஞ்சிக் கோட்டை மாதிரி எதையாவது எதிர்பார்த்துப் போகாதீர்கள். மிஞ்சியிருப்பவை சிதைந்த கட்டடமும் செங்கல் சுவர்களும்தான். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். வேலி போட்ட இடமாக இருந்தால், உள்ளே போவதற்கு முன் அங்கிருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

6 மணி நேரம் இருந்தால்: சிதம்பரம்

முதுநகரிலிருந்து சிதம்பரம் சுமார் 40 கிலோமீட்டர். இதற்குக் கார் பிடித்துச் செலவு செய்யத் தேவையில்லை. கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்கள் முதுநகர் வழியாகத்தான் போகின்றன. ஒரு மணி நேரம், நெரிசல் இருந்தால் ஒன்றேகால் மணி நேரம். பாசஞ்சர் ரயில் கிடைத்தால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று நின்று நின்று போகும். செலவு குறைவு. ஆனால், ஒன்றை விட்டால் அடுத்ததற்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். போகும்போது ரயில், திரும்பும்போது பஸ் என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

நடராஜர் கோயில் இடிபாடு இல்லை. தினமும் பூஜை நடக்கும் கோயில். கோபுர வாயில்களின் உட்சுவரில் இருக்கும் 108 கரணச் சிற்பங்களைப் பரதம் படிப்பவர்கள் தேடி வந்து பார்ப்பார்கள். கவனிக்க வேண்டியது நேரம். நண்பகலில் நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். காலையில் 11 மணிக்குள் கோயிலில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மதியம் 1 மணிக்குப் போய் நின்றால் வெளியிலிருந்து கோபுரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும்.

இந்த வழியில்தான் பரங்கிப்பேட்டையும் இருக்கிறது. போர்ச்சுக்கீசியர்கள் 'போர்ட்டோ நோவோ' என்று அழைத்த துறைமுகம். 1781-ல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயர்களுக்கும் பெரிய போர் நடந்த ஊர். மெயின் ரோட்டிலிருந்து பி.முட்லூரில் பிரிந்து போக வேண்டும். ஆறு மணி நேரத்தில் சிதம்பரம், பரங்கிப்பேட்டை இரண்டையும் நுழைக்கப் பார்த்தால் இரண்டும் அரைகுறையாகத்தான் முடியும். ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

முழுப் பகல் இருந்தால்: கங்கைகொண்ட சோழபுரம்

நிஜமான 'பழைய நகரத்தின் இடிபாடு' வேண்டுமென்றால் போக வேண்டிய இடம் இதுதான். சிதம்பரத்திலிருந்து மேற்கே லால்பேட்டை, காட்டுமன்னார்கோவில் வழியாகச் சுமார் 45 கிலோமீட்டர். வழியில் சென்னைக்குக் குடிநீர் தரும் வீராணம் ஏரியையும் பார்த்துவிடலாம். முதுநகரிலிருந்து மொத்தமாக இரண்டரை மணி நேரம் என்று கணக்கு வையுங்கள்.

இதற்குக் கார்தான் சரி. பஸ்ஸில் போகலாம், ஆனால் மாறி மாறிப் போக வேண்டும். திரும்பும் ரயில் இருக்கும் நாளில் அந்த ரிஸ்க் வேண்டாம். மூன்று, நான்கு பேர் சேர்ந்தால் கார் வாடகையும் கையைக் கடிக்காது.

கங்கை வரை படை அனுப்பி வென்ற முதலாம் ராஜேந்திர சோழன் உருவாக்கிய தலைநகரம் இது. அவன் கட்டிய கோயில் 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கோயிலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள்தான் அதிகம். அங்கிருந்து சில நிமிடத் தொலைவில் இருக்கும் மாளிகைமேட்டை விட்டுவிடாதீர்கள். சோழர்களின் அரண்மனை இருந்த இடம். அகழாய்வில் வெளிப்பட்ட செங்கல் சுவர்களின் அடித்தளத்தை அங்கே பார்க்கலாம். கூரை ஓடுகள், இரும்பு ஆணிகள், சீனப் பானை ஓடுகளெல்லாம் இங்கே கிடைத்திருக்கின்றன. 2021-ல் தமிழகத் தொல்லியல் துறை மீண்டும் அகழாய்வைத் தொடங்கியது.

6 மணி ரயில் உள்ளவருக்கான கணக்கு: காலை 7.30-க்கு முதுநகரில் கிளம்பினால் 10 மணிக்குக் கோயில். நடை சாத்துவதற்குள் தரிசனமும் சிற்பங்களும். அதன் பிறகு மாளிகைமேடு. 1.30-க்குச் சாப்பாட்டை முடித்து, 2 மணிக்கு வண்டியில் ஏறிவிட வேண்டும். அப்போதுதான் 4.30-க்கு முதுநகர். 9 மணிக்கு மேல்தான் கிளம்ப முடியும் என்றால், அன்றைக்குச் சிதம்பரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

வண்டி பேசும்போது...

சென்னை மாதிரி ஆப்பைத் திறந்தவுடன் கார் வந்துவிடும் என்று நம்பி இறங்க வேண்டாம். தூரப் பயணத்துக்கு முதல் நாளே போனில் கார் பேசிவிடுங்கள். தங்கும் லாட்ஜிலோ, உள்ளூர் நண்பரிடமோ கேட்டால் இரண்டு, மூன்று நம்பர் கிடைக்கும். எல்லோரிடமும் ரேட் கேட்டுப் பாருங்கள்.

ஆட்டோ என்றால் ஏறுவதற்கு முன்பே முழுதாகச் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, தேவனாம்பட்டினம் கோட்டை வரைக்கும் போயிட்டு, அரை மணி நேரம் நின்னு, திரும்ப துறைமுகம் ஸ்டேஷன்ல விடணும். வெயிட்டிங்கோட சேர்த்து மொத்தம் எவ்வளவு?" 'மொத்தம்' என்ற அந்த ஒரு வார்த்தை பின்னால் வரும் பாதிச் சண்டையைத் தவிர்க்கும்.

கார் என்றால் கேட்க வேண்டியவை:

* வாடகை கிலோமீட்டர் கணக்கா, நாள் கணக்கா? குறைந்தபட்சம் எத்தனை கிலோமீட்டர்?
* டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங் எல்லாம் சேர்த்தா, தனியா?
* கிலோமீட்டரை எங்கிருந்து எண்ணுவார்கள்? நம் இடத்திலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா?
* காரில் மஞ்சள் நம்பர் பிளேட் இருக்கிறதா? வெள்ளை பிளேட் கார் சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு; விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸிலும் சிக்கல் வரும்.

பேசி முடித்ததும் ரேட்டை வாட்ஸ்அப்பில் ஒரு மெசேஜாகப் போட்டு, 'ஓகே' வாங்கிவிடுங்கள். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். அட்வான்ஸ் போக மீதியைத் திரும்பி வந்து ஸ்டேஷனில் கொடுங்கள். உங்கள் ரயில் நேரத்தையும் டிரைவரிடம் சொல்லிவிடுங்கள். ரோடு தெரிந்தவர் அவர். 'இப்பவே கிளம்பினாதான் சார் சரியா இருக்கும்' என்று அவரே ஞாபகப்படுத்துவார்.

தனியாகப் போகிறீர்களா? வண்டி நம்பரை போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள், லைவ் லொகேஷனை ஆன் செய்யுங்கள். அவசரத்துக்கு 112. ரயில் சம்பந்தமான உதவிக்கு 139.

அப்படியும் ரயிலை விட்டுட்டா?

கப்பலை விட்டால் அடுத்த துறைமுகத்துக்கு விமானம் பிடிக்க வேண்டியிருக்கும். இங்கே அவ்வளவு மோசமில்லை. கடலூர் பேருந்து நிலையத்திலிருந்து புதுச்சேரி வழியாகச் சென்னைக்கும், விழுப்புரத்துக்கும் பஸ்கள் இருக்கின்றன. ஆனால், ரிசர்வேஷன் பணம் போனது போனதுதான். மறுநாள் காலை பரீட்சையோ இன்டர்வியூவோ இருந்தால், தூர இடத்துக்கு ஆசைப்படாதீர்கள். கடைசி ரயிலை நம்பி முழு நாள் டிரிப் போடாதீர்கள். அதற்குப் பின்னால் இன்னொரு ரயிலோ பஸ்ஸோ இருக்கும் நாளில் போங்கள்.

அங்கே போனதும் ஒரு விஷயம்

மாளிகைமேட்டிலோ தேவனாம்பட்டினத்திலோ உதிர்ந்து கிடக்கும் செங்கல்லை 'ஞாபகத்துக்கு' என்று பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1836-ல் கொள்ளிடத்தில் கீழணை கட்டியபோது, கங்கைகொண்ட சோழபுரம் கோயிலின் மதில் சுவரை இடித்துத்தான் கற்களை எடுத்துப்போனார்கள். தலைநகரமாக இருந்த ஊரில் இன்று மிஞ்சியிருப்பது கொஞ்சம்தான். நமக்குப் பிறகு முதுநகரில் இறங்கி, அதே ஆறு மணி நேரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கும் அது அங்கே இருக்கட்டும்.